பழைய கார் வாங்கப் போறீங்களா? இன்ஜினுக்கு உள்ளே மாற்றம் செய்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது எப்படி?

பகாவ் பக்கம் வேலைக்குப் போகத் தொடங்கும் இளைஞர்கள் பலருக்கு முதல் கார் என்பது பழைய கார்தான். கெடிஸ், ஜெராம் பாடாங் போன்ற தோட்டப் பகுதிகளில் இருந்து சிரம்பான், செனவாங் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டுமென்றால், கோலாப் பிலா, புக்கிட் புத்துஸ் வழியாக ஒரு பக்கத்துக்கு மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டணும். ஷிப்ட் நேரத்துக்கு பஸ்ஸை நம்பிப் போவது கடினம். அதனால் கார் ஆடம்பரம் இல்லை, வேலைக்கான கருவி.

கையில் உள்ள சேமிப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பழைய புரோட்டோன் சாகா, வீரா, அல்லது பெரோடுவா கன்சில், மைவி. சிக்கல் என்னவென்றால், மாடிஃபை செய்கிறவர்களுக்குப் பிடித்த கார்களும் இவைதான். உதிரி பாகம் எளிதில் கிடைக்கும், ஜப்பானில் இருந்து வரும் ஹாஃப்கட் இன்ஜின்கள் பொருந்தும், வேலை தெரிந்த ஃபோர்மேன்களும் இருக்கிறார்கள்.

ரிம், ஸ்பாய்லர், புகைக்குழாய் மாற்றியிருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டன், கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் மாற்றியிருந்தால் தெரியாது. விற்பவர் "இன்ஜின் ஸ்டாண்டர்ட்தான் லா, திறந்ததே இல்ல" என்று சொன்னால், அதை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இன்ஜினைத் திறக்காமல், உள்ளே எதுவுமே மாறவில்லை என்று நூறு சதவீதம் உறுதி செய்ய முடியாது. ஆனால் செலவு குறைந்த சோதனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாகப் போனால், சந்தேகப்பட வேண்டிய காரைப் பணம் கொடுப்பதற்கு முன்பே அடையாளம் காண முடியும்.

'உள்ளே மாற்றம்' என்றால் என்ன?

மூன்று விஷயங்களை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, இன்ஜினையே மாற்றுவது. 1.3 சாகாவில் 1.5 இன்ஜின், கன்சிலில் 660 சிசி டர்போ இன்ஜின் போன்றவை இந்த வகை.

இரண்டாவது, அதே இன்ஜினைத் திறந்து உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றுவது. அதிக நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட், உயர் அழுத்தத்துக்கான பிஸ்டன், கடினமான வால்வ் ஸ்பிரிங், அடிப்பகுதி சீவப்பட்ட ஹெட், தடிமன் மாறிய ஹெட் கேஸ்கெட் ஆகியவை இதில் வரும்.

மூன்றாவது, ஓவர்ஹால். இது பழுதுபார்ப்பு. தேய்ந்த சிலிண்டரைச் சற்றே அகலப்படுத்தி, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இன்ஜின் திறக்கப்பட்டது என்பதாலேயே அது கெட்ட கார் ஆகிவிடாது. ரசீதுடன் ஒழுங்காக ஓவர்ஹால் செய்யப்பட்ட இன்ஜின், 20 ஆண்டுகள் தொடாமல் ஓடிய இன்ஜினைவிட நல்லதாகக்கூட இருக்கலாம்.

எனவே "திறந்திருக்கிறார்களா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "திறந்து என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், அதற்குக் காகிதம் இருக்கிறதா?" என்று கேட்கணும்.

கெரானும் இன்ஜின் எண்ணும் எதைச் சொல்லும்?

காரின் உரிமைச் சான்றிதழை நாம் கெரான் என்கிறோம். அதில் இன்ஜின் எண், சேசிஸ் எண், இன்ஜின் கொள்ளளவு எல்லாம் இருக்கும். காரைப் பார்க்கப் போகும்போது கெரானின் நகலைக் கேட்டு வாங்கி, இன்ஜின் பிளாக்கில் பொறிக்கப்பட்ட எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கைப்பேசி டார்ச்சும் ஒரு பழைய துணியும் போதும்.

பழைய சாகா, வீராவை எடுத்துக்கொள்ளலாம். 1.3 காரில் இருப்பது 4ஜி13 இன்ஜின், 1.5 காரில் இருப்பது 4ஜி15. இரண்டும் மிட்சுபிஷியின் ஒரே குடும்பம். வெளியில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். ஆனால் சிலிண்டரின் விட்டம் 4ஜி13இல் 71 மில்லிமீட்டர், 4ஜி15இல் 75.5 மில்லிமீட்டர்.

கணக்கு எளிது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.7854ஆல் பெருக்கி, பிஸ்டன் நகரும் தூரத்தாலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கணும். அளவுகளைச் சென்டிமீட்டரில் போட்டால் விடை சிசியில் வரும். முதல் இன்ஜினுக்கு சுமார் 1,298 சிசி, இரண்டாவதற்கு சுமார் 1,468 சிசி. வெறும் 4.5 மில்லிமீட்டர் விட்டம் 170 சிசியைக் கூட்டிவிடுகிறது.

இதே கணக்கை ஓவர்ஹாலுக்கும் போட்டுப் பார்க்கலாம். 4ஜி13இல் 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் சுமார் 1,317 சிசி ஆகும். 20 சிசிகூட ஏறவில்லை. பழுதுபார்ப்புக்கும் மாடிஃபைக்கும் உள்ள இடைவெளி இங்கேயே தெரிகிறது.

1.3 என்று கெரான் சொல்லும் காரில் பிளாக் எண் 4ஜி15 என்று ஆரம்பித்தால், இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது. எண் இருக்கும் இடம் அரைத்ததுபோல் வழவழப்பாக இருந்தாலோ, எழுத்துகள் கோணலாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எண்ணைத் திருத்துவது குற்றம். அந்த இன்ஜின் திருட்டுக் காரில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேணாம்.

சாலை வரியில் தெரிந்துவிடாதா?

தெரியாது. தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் கார்களுக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1,201 முதல் 1,400 சிசி வரை 70 ரிங்கிட், 1,401 முதல் 1,600 சிசி வரை 90 ரிங்கிட் சாலை வரி. 1.3 காரில் 1.5 இன்ஜின் போட்டவர் மிச்சம் பிடிப்பது ஆண்டுக்கு 20 வெள்ளிதான். வரியை ஏமாற்றுவதற்காக யாரும் இதைச் செய்வதில்லை. காகித வேலைக்கு அலைய மனமில்லாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

டர்போ விஷயத்தில் சிசி கணக்கு இன்னும் குறைவாகவே உதவும். மைவி 1.3இல் இருக்கும் கே3-விஇ இன்ஜினுக்கும், டைஹட்சு ஒய்ஆர்வி டர்போவில் வந்த கே3-விஇடி இன்ஜினுக்கும் கொள்ளளவு ஒன்றேதான். ஆனால் டர்போ இன்ஜின் 140 குதிரைத்திறன் தரும். சாதாரண மைவி 1.3 தருவது சுமார் 90தான். சிசியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே கார்.

புஸ்பாகோம் பாஸ் ஆகிவிட்டால் போதுமா?

பலர் ஏமாறும் இடம் இது. உரிமை மாற்றத்துக்கு முன் செய்யப்படும் பி5 சோதனையின் முக்கிய வேலை, காரின் அடையாளத்தை உறுதி செய்வது. இன்ஜின் எண், சேசிஸ் எண், பதிவு விவரம் ஆகியவை ஜேபிஜே பதிவோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். இன்ஜினைத் திறந்து பிஸ்டனைப் பார்க்க மாட்டார்கள்.

பிளாக்கில் உள்ள எண், 'இது எந்தப் பிளாக்' என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் பிளாக்குக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அசல் 4ஜி13 பிளாக்கிலேயே கேம், பிஸ்டன், ஹெட் மூன்றையும் மாற்றியிருந்தால் எண் அப்படியே பொருந்தும், காரும் பாஸ் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். வங்கிக் கடனில் கார் வாங்கினால் அதற்கென்று தனிச் சோதனை உண்டு, காரின் மதிப்பை வங்கியும் பார்க்கும். ஆனால் மிகப் பழைய கார்களுக்குக் கடன் கிடைப்பது கடினம் என்பதால் அவை ரொக்கத்துக்குத்தான் கைமாறுகின்றன. அங்கே இரண்டாவது ஜோடிக் கண் கிடையாது. அந்த வேலையை நீங்களே செய்யணும்.

இன்ஜினைத் தொடாமல் கண்ணால் எதைப் பார்க்கலாம்?

பானெட்டைத் திறந்ததும் போல்ட்டுகளைப் பாருங்கள். வால்வ் கவர், டைமிங் கவர், எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றின் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட பளபளப்பான கீறல்கள் இருந்தால் அவை கழற்றப்பட்டிருக்கின்றன. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் கேஸ்கெட் மட்டும் புதிதாகத் தெரிகிறதா? ஓரங்களில் சிலிக்கோன் பசை பிதுங்கி நிற்கிறதா? இவை 'திறந்திருக்கிறார்கள்' என்பதற்கான அடையாளம். ஏன் திறந்தார்கள் என்று கேட்க உங்களுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து, கழற்றப்பட்ட பொருள்களின் தடயம். மாடிஃபை செய்தவர் விற்கும்போது விலை உயர்ந்த டர்போ, மீட்டர், கணினிப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, காரை ஸ்டாண்டர்ட் மாதிரி ஆக்கிவிடலாம். இன்ஜினுக்குள் போட்டதை மட்டும் எளிதில் எடுக்க முடியாது. அதனால் இவற்றைத் தேடுங்கள்:

- எண்ணெய்த் தொட்டியில் வெல்டிங் செய்து அல்லது போல்ட் போட்டு அடைத்த ஓட்டை. டர்போவில் இருந்து எண்ணெய் திரும்பி வரும் வழியாக அது இருந்திருக்கலாம்.
- முன் பம்பருக்குள் எதையும் தாங்காமல் நிற்கும் பிராக்கெட், அல்லது வெட்டப்பட்ட பிளாஸ்டிக்.
- டேஷ்போர்டு ஓரத்திலும் முன் கண்ணாடித் தூணிலும் கூடுதல் மீட்டர் இருந்த திருகு ஓட்டைகள்.
- இன்ஜின் கணினிக்குப் போகும் ஒயர்களில் வெட்டி ஒட்டிய டேப்.
- கால் வலிக்கும் அளவுக்குக் கனமான கிளட்ச். சாதாரண இன்ஜினுக்கு அது தேவையில்லை.

தோட்டப் பகுதிக்கென்று ஒரு குறிப்பும் உண்டு. அசல் காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்துவிட்டு, திறந்த வடிகட்டி மாட்டிய காரைக் கவனமாகப் பாருங்கள். ரப்பர், செம்பனைத் தோட்டத்து மண் சாலைகளில் செம்மண் தூசி பறக்கும். தரம் குறைந்த வடிகட்டி அந்தத் தூசியை உள்ளே விட்டால், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். வடிகட்டிக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் சிவப்புத் தூசி ஒட்டினால், அது இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் காடியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட விட்டிருக்கலாம்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் 'டக் டக்' என்று மர மேசையைத் தட்டுவது மாதிரிச் சத்தம் வந்து, சூடானதும் அது குறைந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே வெளி அதிகம் என்று பொருள். அது தேய்மானமாக இருக்கலாம். பந்தயத்துக்கான ஃபோர்ஜ்டு பிஸ்டனாகவும் இருக்கலாம். அந்த வகைப் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால், கூடுதல் வெளி விட்டுத்தான் போடுவார்கள்.

ஐட்லிங்கில் இன்ஜின் ஒரே சீராக ஓடாமல், குதிரை நடை போலத் தட்டுத் தடுமாறி ஓடுகிறதா? கேம்ஷாஃப்ட் மாற்றப்பட்டிருக்கலாம். பெரிய கேம், வேகமான சுழற்சியில் நிறையக் காற்றை உள்ளே விடுவதற்காக வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அதன் விலை, மெதுவான சுழற்சியில் தெரியும் இந்தத் தடுமாற்றம். பழைய பிளக்கும் காற்றுக் கசிவும்கூட இதே மாதிரி நடுக்கத்தைத் தரும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேணாம்.

பிறகு ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். பகாவில் இருந்து வருபவர்களுக்கு புக்கிட் புத்துஸ் ஏற்றம் நல்ல பரிசோதனைக் களம். உயர்ந்த கியரில், மெதுவான வேகத்தில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிறு கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தால், எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. ஹெட்டைச் சீவியோ பிஸ்டனை மாற்றியோ அழுத்த விகிதத்தைக் கூட்டிய இன்ஜினில், ரோன்95 போட்டால் இது நடக்கும். "எப்போதும் ரோன்97 மட்டும் போடுங்க" என்று விற்பவர் சொன்னால், அந்த மாடலின் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ரோன்95 போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு ஏன் ரோன்97? அதற்கு மானியமும் கிடையாது. தினமும் 120 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது மாதா மாதம் பையில் இருந்து போகும் பணம்.

இறக்கத்தில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, மீண்டும் அழுத்தும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது.

ஸ்கேனர் போட்டால் தெரியுமா?

புதிய மாடல்களில் ஓரளவு தெரியும். ஓபிடி ஸ்கேனரை மாட்டினால், இன்ஜின் கணினியில் உள்ள நிரல் பதிப்பின் எண்ணைச் சில கார்களில் படிக்க முடியும். அது தொழிற்சாலை எண்ணோடு பொருந்தாவிட்டால், கணினியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஆனால் சிலர் அந்த எண்ணை மாற்றாமலேயே உள்ளே உள்ள அளவுகளை மாற்றிவிடுவார்கள். எனவே எண் பொருந்துவது முழு ஆதாரம் ஆகாது.

'ஃபியூவல் டிரிம்' என்ற அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்பார்த்ததைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கணினி சமாளிக்கிறது என்பதை அது காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்தைத் தாண்டி நிலையாக நின்றால், ஏதோ சரியில்லை. பழுதுக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதும் ஸ்கேனரில் தெரியும்.

கார்பரேட்டர் வைத்த பழைய சாகா, கன்சிலில் இதற்கெல்லாம் வழியில்லை. அவற்றுக்கு அடுத்த சோதனைதான்.

கம்ப்ரஷன் டெஸ்ட்: எண்களை எப்படிப் படிப்பது?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் அழுத்தமானியை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றுவார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று தெரியும். அனுபவமுள்ள ஃபோர்மேன் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். அந்த மாடலின் சரியான அளவு பட்டறைக் கையேட்டில் இருக்கும். அதோடு ஒப்பிடணும்.

எல்லாச் சிலிண்டரிலும் கையேட்டில் உள்ளதைவிட அதிகமாக வந்தால், ஹெட் சீவப்பட்டிருக்கலாம், அல்லது உயர் அழுத்தப் பிஸ்டன் போட்டிருக்கலாம். உள்ளே கரி நிறையப் படிந்திருந்தாலும் அளவு ஏறும்.

எல்லாச் சிலிண்டரிலும் ஒரே சீராகக் குறைவாக வந்தால், தேய்மானம், டர்போவுக்காகப் போட்ட தடித்த கேஸ்கெட், அல்லது பெரிய கேம் காரணமாக இருக்கலாம். பெரிய கேம் வால்வைத் தாமதமாக மூடுவதால், மெதுவாகச் சுற்றும்போது கொஞ்சம் காற்று வெளியே தப்பிவிடும். பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு மறுபடியும் அளக்கணும். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ், கேஸ்கெட் அல்லது கேம் பக்கம் பார்க்கணும்.

ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அது மாடிஃபை பிரச்சினையே இல்லை. அது பழுது.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. உயர் அழுத்தப் பிஸ்டனும் பெரிய கேமும் சேர்ந்து போடப்பட்டால், ஒன்று கூட்ட, இன்னொன்று குறைக்க, மானியில் ஸ்டாண்டர்ட் அளவே வரலாம். அதனால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட்டோடு நிறுத்திவிடக் கூடாது.

பிளக் ஓட்டை வழியாக ஒரு கேமரா

பிளக் கழற்றியிருக்கும்போதே, கைப்பேசியோடு இணைக்கும் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கலாம். இன்று பல பட்டறைகளில் இது இருக்கிறது.

பிஸ்டனின் தலைப்பகுதியைப் பாருங்கள். ஓவர்சைஸ் பிஸ்டனாக இருந்தால் 0.50 அல்லது 1.00 போன்ற எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கலாம். கரி மூடியிருந்தால் தெரியாது. தலை மேடாக உயர்ந்திருக்கிறதா, வால்வுக்காக ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறதா, இயந்திரத்தில் கடைந்த வட்டக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து, அதே மாடலின் அசல் பிஸ்டன் படத்தோடு ஒப்பிடுங்கள்.

சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் புதுக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தால், அண்மையில் சிலிண்டர் கடையப்பட்டிருக்கிறது. 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் 'திறக்காத' இன்ஜினில் அது இருக்க நியாயமில்லை.

வால்வ் கவரைக் கழற்றினால்?

விற்பவர் சம்மதித்தால், இந்தப் படி மிகவும் பயனுள்ளது. ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை, மேல் மூடியை மட்டும் எடுத்தால் போதும். கேம்ஷாஃப்ட் கண் முன்னே இருக்கும். அதில் வேறு நிறுவனத்தின் பெயரோ எண்ணோ பொறிக்கப்பட்டிருக்கலாம். டயல் கேஜ் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, வால்வ் எவ்வளவு தூரம் திறக்கிறது என்று அளக்கலாம். கையேட்டில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் கேம் அசல் இல்லை. ஸ்பிரிங்குகளின் நிறம், இரட்டை ஸ்பிரிங், சரிசெய்யக்கூடிய கேம் பல்சக்கரம் ஆகியவையும் இங்கேயே தெரிந்துவிடும்.

மூடியைத் திரும்பப் போடும்போது புது கேஸ்கெட் போட்டுத் தரணும். அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால், நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

இதற்கும் மேலே சிலிண்டர் விட்டத்தை நேரடியாக அளக்க, ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான். பந்தயங்களில் வண்டி விதிக்கு உட்பட்டதா என்று அதிகாரிகள் பார்க்கும்போதும், சந்தேகம் வந்தால் கடைசியில் திறந்துதான் அளக்கிறார்கள். சில ஆயிரம் வெள்ளி விலையுள்ள பழைய காருக்கு இந்தச் செலவு கட்டாது. அந்த அளவுக்குச் சந்தேகம் இருந்தால், வேறு கார் தேடுவதே மலிவு.

மாற்றம் இருப்பது தெரிந்தால் வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. இன்ஜினை மாற்றுவதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். ஜேபிஜே ஒப்புதலும் சோதனையும் பெற்று, கெரானில் திருத்தம் செய்திருந்தால் அது சட்டப்படி சரி. இன்ஜின் எங்கே வாங்கப்பட்டது என்ற ரசீதும், வெளிநாட்டில் இருந்து வந்திருந்தால் இறக்குமதி ஆவணமும் இருக்கணும். பதிவில் ஓர் இன்ஜின், காரில் வேறோர் இன்ஜின் என்றால்தான் பிரச்சினை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், அந்த நேரத்தில் காரின் உரிமையாளராக இருக்கும் நீங்கள். முந்தைய உரிமையாளர் அல்ல.

காப்புறுதி இன்னும் முக்கியம். மலேசியாவில் 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்கள் ஆபத்தைக் கணக்கிட்டுத் தாங்களே நிர்ணயிக்கின்றன. காப்புறுதி எடுக்கும்போது கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு உண்டு. தெரிந்தே மாற்றத்தை மறைத்துவிட்டு விபத்து நடந்தால், இழப்பீட்டை நிறுவனம் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். தெரியாமல் வாங்கியவர் அதை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். வாங்கும் முன் செய்த சோதனையின் காகிதம் அப்போது கைகொடுக்கும்.

வாங்கிய பிறகு தெரியவந்தால்?

கடையில் வாங்கியிருந்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கணும், சொன்ன விவரத்தோடு பொருந்தணும் என்று அது சொல்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போகணும்.

தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்தத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளாது. 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழிமுறை இருக்கிறது. அங்கேயும் வழக்கறிஞர் இல்லாமல் போகலாம்.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, "விற்பவர் என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்பதுதான். வாய்ப் பேச்சு நிற்காது. வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "இன்ஜின் மாற்றப்பட்டதா? உள்ளே பிஸ்டன், கேம், ஹெட் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா?" பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை ரசீதிலும் 'இன்ஜின் அசல், உள்ளே மாற்றம் செய்யப்படவில்லை' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வாங்குங்கள். உண்மையிலேயே ஸ்டாண்டர்ட் இன்ஜின் என்றால், அந்த வரியை எழுத யாருக்கும் தயக்கம் இருக்காது. எழுத மறுத்தால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

காரைப் பார்க்கப் போகும் நாளில் எந்த வரிசையில் செய்வது?

1. போவதற்கு முன்: கெரான் நகலும், வாட்ஸ்அப்பில் எழுத்துப்பூர்வமான பதிலும்.
2. போனதும்: இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, பிளாக் எண்ணை ஒப்பிடுவது.
3. போல்ட், கேஸ்கெட், ஒயர், எண்ணெய்த் தொட்டி, காற்றுக் குழாய்.
4. குளிர் ஸ்டார்ட், ஐட்லிங், மேட்டில் ஓட்டம்.
5. விற்பவருக்குத் தொடர்பில்லாத, நீங்களே தேர்ந்தெடுத்த ஃபோர்மேனிடம் ஸ்கேனர், கம்ப்ரஷன் டெஸ்ட், கேமரா.
6. சந்தேகம் இருந்தால் மட்டும்: வால்வ் கவர்.

முதல் நான்கு படிகளுக்குப் பெட்ரோல் செலவைத் தவிர வேறு செலவு இல்லை. ஐந்தாவது படிக்குக் கொஞ்சம் பணம் ஆகும். ஆனால் ஓர் இன்ஜின் ஓவர்ஹாலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. எந்தப் படியில் பதில் பொருந்தவில்லையோ, அந்தப் படியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். முன்பணம் கொடுக்காத வரை, "யோசிச்சிட்டு சொல்றேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு.